ஃப்ரீ சாஃப்ட்வேர்: இலவசமா, கட்டற்றதா?

சென்ற மாதம் ஓர் ஆசிரியர் பயிற்சியில் உட்கார்ந்திருந்தேன். கணினியை இயக்கும் லினக்ஸ் பற்றித் திரையில் ஒரு வரி வந்தது: "லினக்ஸ் ஓர் இலவச மென்பொருள்." பின்வரிசையிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டார், "இலவசமாத் தர்றாங்கன்னா தரம் எப்படி சார் இருக்கும்?" அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தச் சொல்லைப் படிக்கிற யாருக்கும் அதுதான் தோன்றும். தப்பு, 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பதை 'இலவச மென்பொருள்' ஆக்கிய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள் என்பதே அதன் பொருள். பல வருடங்களாக இதையே பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

'ஃப்ரீ' பழைய ஜெர்மானியச் சொல். அன்புக்குரியவர், நம் சனம், ஆகவே அடிமையல்லாதவர் என்று பொருள் நகர்ந்து வந்தது. 'ஃப்ரெண்ட்' அதன் உடன்பிறப்பு, வடமொழிப் 'பிரிய' தூரத்து உறவு. காசில்லாமல் என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான். நமக்கு இரண்டும் தனித்தனியே இருக்கின்றன. அந்தக் குழப்பத்தை நாம் ஏன் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும்?

'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்ற சொற்றொடர் பிறந்த கதையில் காசுக்கு இடமே இல்லை. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியைக் கொடுத்தது. தாள் அடிக்கடி சிக்கும். பழைய அச்சுப்பொறி சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி அங்கிருந்த நிரலாளர் ரிச்சர்டு ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதில் அது முடியவில்லை, மூலநிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவிலுள்ள நிரல், கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று நிறுவனத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அச்சுப்பொறி சும்மா வந்ததுதான், ஆனால் அதைத் திருத்தும் உரிமை வரவில்லை. 1983இல் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்ததன் பின்னால் இந்தக் கோபமும் உண்டு. 1985இல் உரை எழுதித் திருத்த உதவும் தன் ஈமாக்ஸ் நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். 150 டாலர் கொடுத்து வாங்கியதை இலவசம் என்று எப்படிச் சொல்வது?

மறுபக்கம், வாட்ஸ்அப்புக்கு நாம் காசு கொடுப்பதில்லை. ஆனால் அதன் நிரலைப் பார்க்க முடியாது, மாற்ற முடியாது. நிறுவனம் நாளை ஒரு பொத்தானை இடம் மாற்றினால் நாமும் பின்னாலேயே போக வேண்டியதுதான். இரண்டையும் 'இலவசம்' என்று எழுதினால் நிறுவனத்தின் பிடி வாசகர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. என் கோபமெல்லாம் இதன் மேல்தான். தமிழ்நாட்டில் இலவசம் என்றாலே தேர்தலும் கைநீட்டலும் நினைவுக்கு வருகின்றன. அரசே அந்தச் சொல்லைத் தவிர்த்து 'விலையில்லா மடிக்கணினி' என்று கொடுத்ததே! அதைப் பார்த்து யாராவது 'விலையில்லா மென்பொருள்' என்று கிளம்பினால் அதுவும் இதே பிழைதான்.

'திறந்த மூல மென்பொருள்' போதாதா என்பார்கள். அது 'ஓப்பன் சோர்ஸ்' என்ற வேறு தொடரின் தமிழ். 1998இல் வணிக நிறுவனங்கள் மிரளாமல் இருக்க வேண்டும் என்றும்தான் அந்தப் பெயரைத் தேர்ந்தார்கள். மூலம் திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும், பயன்படுத்துகிறவரின் உரிமையைப் பேசாது. சரி, 'தளையறு மென்பொருள்'? பொருள் சரிதான். ஆனால் யாப்பு படித்தவர்களுக்குத் தளை என்பது செய்யுளின் சீர்களை இணைக்கும் கட்டு; அது தட்டினால் வெண்பா கெட்டுப்போகும். நல்லதைச் சொல்லும் சொல் குறையாகக் காதில் விழக் கூடாது.

எனக்குக் 'கட்டற்ற'தான். விக்கிப்பீடியா தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்றே அழைத்துக்கொள்வதால் பலருக்கும் பழகிய சொல். 'சுதந்திர மென்பொருள்' என்றாலும் சண்டைக்கு வரமாட்டேன். தூய தமிழா என்பதைவிடத் தெளிவாக இருக்கிறதா என்பதே எனக்கு முக்கியம். கட்டற்றது என்றால் தறிகெட்டது என்று ஆகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆகாது. குனு திட்டத்துக்காக 1989இல் வந்த ஜி.பி.எல். என்ற பயன்பாட்டு உரிமத்திலும் நிபந்தனை உண்டு: வாங்கிய நிரலை மாற்றி வெளியிட்டால் அதே உரிமைகளை அடுத்தவருக்கும் தர வேண்டும். நீ கட்டில்லாமல் பெற்றதை இன்னொருவருக்குக் கட்டிப்போடாதே என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

'இலவச மென்பொருள்' என்ற தொடரைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. ஃப்ரீவேர் என்று ஒன்று இருக்கிறது, காசு வாங்காமல் நிரலைப் பூட்டியே கொடுப்பது. அதற்கு வைத்துக்கொள்ளலாம்.