ஒன்றில் விழாத கால்

டிரம் செட் பழக ஆரம்பித்த ஒரு மாதத்திலேயே வலது காலுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். வாய் 'ஒன்று' என்று எண்ணினால் போதும், கால் தானாகக் கிக் டிரம்மை மிதித்துவிடும். ராக் வாசிக்கும்போது பெரும்பாலும் அதுதான் வேண்டியதும். கியூப இசைக்குள் நுழைந்ததும் அதே பழக்கம் காலை வாரிவிடுகிறது.

ஒரு சுற்றை 16 கட்டங்களாகப் பிரித்துக்கொள்வோம். 1, 5, 9, 13 ஆகியவை தாளம் விழும் இடங்கள். பாட்டுக் கேட்டபடி நாம் தொடையில் தட்டுவது அங்கேதான். கியூப இசைக்காரர்கள் இதன்மேல் கிளாவே என்ற அளவுகோலை மனத்தில் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு கட்டைக் குச்சிகளை மோதி எழுப்பும் ஐந்தே அடிகள்: 1, 4, 7, 11, 13. சொற்கட்டில் சொன்னால் நம் நாக்கு சட்டென்று பிடித்துக்கொள்ளும்: தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தில் மட்டும் அடி. 3, 3, 4, 2, 4, கூட்டினால் 16.

இந்த 16 கட்டங்களையும் கடிகார முகம்போல வட்டமாக எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஐந்து அடிகளில் எந்த இரண்டும் நேரெதிரே வருவதில்லை. இரண்டு அடிகளை இணைத்துக் கோடு போட்டு வட்டத்தைச் சரிபாதியாக்கவே முடியாது. காதுக்கு 'சரி, பாதி முடிந்தது' என்று உட்கார இடமே இல்லை.

காலின் பாடம் இன்னும் மோசம். பேஸ் என்ற தாழ்ந்த ஒலித் தந்திக் கருவியை வாசிப்பவரின் தும்பாவோ என்ற நடையைக் கிக் டிரம் அப்படியே பின்பற்றினால் 4, 7, 12, 15 ஆகிய இடங்களில் மிதிக்க வேண்டும். நான்கில் ஒன்றுகூடத் தாளத்தின்மேல் இல்லை. முதல் கட்டத்தில் காலுக்கு வேலையே கிடையாது!

இந்தத் தொல்லை டிரம் செட்டுக்கு வந்த கதை சுவையானது. ரும்பா, சோன் என்ற கியூப இசை வகைகளில் கொங்கா, போங்கோ என்ற கைமேளங்கள், குச்சி, மணி என்று ஆளுக்கு ஒன்றாகப் பகிர்ந்து வாசிப்பார்கள். 1969-இல் ஹுவான் ஃபொர்மெல் ஹவானாவில் லோஸ் வான் வான் குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதில் சேர்ந்த ஹோசே லூயிஸ் கின்தானா, அதாவது சாங்கீட்டோ, அந்த ரும்பா நடைகளை ராக், ஃபங்க் சாயலோடு டிரம் செட்டுக்குக் கொண்டுவந்து சொங்கோ என்ற பாணியை வளர்த்தார். பல பேரின் வேலை ஒருவருடைய இரண்டு கை, இரண்டு கால்களின் தலையில் விழுந்தது.

தாளத்துக்கு வெளியே விழும் அடி ஏன் இவ்வளவு சிரமம்? மூளை தாளத்தைக் கேட்பதோடு நிற்பதில்லை. அடுத்த அடி எப்போது வரும் என்று முன்கூட்டியே கணித்துவிடுகிறது. உடல் அசையாமல் வெறுமனே கேட்கும்போதும் மூளையின் இயக்கப் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. கணித்த இடத்தில் அடி விழாமல் சற்று முன்னால் விழுந்துவிட்டால் ஒரு சின்ன இழுபறி. ஆடத் தோன்றுவதும் அதனால்தான். ஆனால் அளவு உண்டு. 2014-இல் ஆய்வாளர் மரியா விட்டெக் குழுவினர் டிரம் நடைகளைக் கேட்கவைத்துச் சோதித்தபோது, சிங்கோபேஷன், அதாவது தாளத்துக்கு வெளியே அடி விழுவது, மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருந்தவற்றைவிட நடுத்தரமானவைதான் கேட்டவர்களை அதிகம் ஆடத் தூண்டின.

கணிப்பு கலைந்துவிட்டால் இழுபறியும் போய்விடும். புதிதாகப் பழகுபவருக்குக் கொஞ்ச நேரத்தில் 7 அல்லது 15-ஆம் கட்ட மிதியே 'ஒன்று' போலக் கேட்க ஆரம்பிக்கும். அடிகள் அதே அடிகள்தான், கேட்பது வேறு நடை. அதனால்தான் இடது காலால் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டுகளை 1, 5, 9, 13-இல் மிதித்தபடி, வாயாலும் எண்ணச் சொல்கிறார்கள். எனக்கு இந்த எண்ணிக்கை வாயில் நிற்கவே இரண்டு வாரம் ஆனது.

இப்போது கையில் கிளாவே, காலில் தும்பாவோ. முதல் பாதி சுலபம், 4-லும் 7-லும் கையும் காலும் சேர்ந்தே விழுகின்றன. சிக்கல் 11, 12, 13-இல்: கை, கால், கை. நிமிடத்துக்கு 100 தாளம் என்ற வேகத்தில் ஒரு கட்டம் வெறும் 0.15 வினாடி. கால் நழுவிப்போய்க் கையோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஆள்காட்டி விரல்களை மாற்றி மாற்றி அசைத்து வேகத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் அவை தாமாகவே ஒத்த அசைவுக்குத் தாவிவிடும் என்பதை ஆய்வாளர் ஸ்காட் கெல்சோ 1980-களில் காட்டினார். வேகம் கூடக்கூட உறுப்புகள் சேர்ந்து அசையவே விரும்புகின்றன. வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50-க்கு இறக்குவது அந்த இழுப்பிலிருந்து தப்பிக்கத்தான்.

மெதுவாக வாசிப்பது மட்டும் போதாது. கையைத் தனியாகவும் காலைத் தனியாகவும் கவனிக்கப் பார்த்தால் இரண்டும் குழம்பும். தேர்ந்தவர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே மெட்டாகத்தான் கேட்கிறார்கள். கை மட்டும் விழுந்தால் 'டக்', கால் விழுந்தால் 'டும்': டக்… டும்… டும்… டக்டும்டக்… டும். இதை நடக்கும்போது முணுமுணுத்துப் பழகினால் டிரம் முன்னால் உட்காரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். அப்புறம் தூங்குங்கள். விரல் பயிற்சிகளை வைத்து நடந்த ஆய்வுகளில், கற்ற வரிசை ஒரு இரவுத் தூக்கத்துக்குப் பிறகு கூடுதல் வேகமாகவே வந்தது.

இது கைகூடியதும் ரும்பா கிளாவேக்குப் போகலாம். மாற்றம் ஒன்றே ஒன்று: மூன்றாவது அடி 7-இலிருந்து 8-க்குத் தள்ளிப்போகிறது. இதுவரை கையோடு சேர்ந்து விழுந்த 7-ஆம் கட்ட மிதி இப்போது தனியாக விழும், கை ஒரு கட்டம் பிந்தி வரும். மெட்ரோனோமை மறுபடி 50-க்கு இறக்க வேண்டியதுதான்.