சிமென்டா, எலும்பா: செயற்கை முழங்காலின் பிடிமானம்

மூட்டுத் தேய்மானம் முற்றிய முழங்காலில், தேய்ந்த பரப்புகளைச் செதுக்கி நீக்கிவிட்டு, தொடை எலும்பின் முனையில் ஓர் உலோக உறையையும், கீழ்க்கால் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டையும், இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் பட்டையையும் பொருத்துகிறார்கள். உலோகம் எலும்பைப் பற்றிக்கொள்வதற்கு இரு வழிகள் உள்ளன.

முதல் வழியான எலும்பு சிமென்ட், பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் பிளாஸ்டிக். அறுவை அரங்கிலேயே தூளையும் திரவத்தையும் கலந்து, குழைவு கையுறையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும், கழுவி உலர்த்திய எலும்பின் மேல் அழுத்துகிறார்கள். அது பசையைப் போல ஒட்டுவதில்லை; எலும்பின் நுண்துளைகளுக்குள் சில மில்லிமீட்டர் புகுந்து, சூடேறி இறுகிப் பூட்டிக்கொள்கிறது. கால் மணி நேரத்துக்குள் முழுப் பிடிமானமும் கிடைத்துவிடும்.

சிமென்ட் இல்லாத மூட்டில் அந்த வேலையை எலும்பே செய்ய வேண்டும். டைட்டானியம் போன்ற உலோகத்தின் சொரசொரப்பான பரப்பில் சில நூறு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள துளைகள் இருக்கும். அவற்றுக்குள் புது எலும்பு வளர்ந்து நிறையச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். அதுவரை உலோகம் அசையக்கூடாது என்பதுதான் இதிலுள்ள பெரிய நிபந்தனை. அசைவு சுமார் 50 மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு வளர்கிறது. 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு படர்ந்து, மூட்டு தளர்ந்தே இருந்துவிடும்.

சோதனை கீழ்த்தட்டுக்குத்தான். மேல் உறை தொடை எலும்பைப் பல பக்கமும் கவ்வி நிற்கிறது. கீழ்த்தட்டோ தட்டையான வெட்டுப் பரப்பின் மேல் அமர்ந்திருப்பதால், அடியெடுத்து வைக்கையில் எடை ஒரு விளிம்பில் சாய்ந்தால் எதிர் விளிம்பு மேலெழப் பார்க்கும். இதைத் தடுக்க 1980களில் போட்ட திருகுகளின் துளைகளே சில வடிவமைப்புகளில் வினையாயின. பட்டையிலிருந்து உதிர்ந்த துகள்கள் அவற்றின் வழியே இறங்கி, அடியிலிருந்த எலும்பை அரிக்கச் செய்தன. முப்பரிமாண அச்சு முறையில் (3D printing) உருவாக்கும் இன்றைய நுண்துளைத் தட்டுகள் பெரும்பாலும் தடித்த முளைகளையும் நடுத்தண்டையும் நம்பி நிற்கின்றன.

எலும்பில் பதித்த நுண்மணிகளைக் கொண்டு எக்ஸ்ரேயில் அளந்தால், சிமென்ட் இல்லாத தட்டு முதல் சில மாதங்களில் சற்று அமிழ்ந்து, பிறகு பெரும்பாலும் நிலைத்துவிடுவது தெரிகிறது. ஆகவே தொடக்க அமிழ்வை மட்டும் பார்த்துத் தோல்வி என்று முடிவுகட்டுவது அவசரம். அது நிற்கிறதா, தொடர்கிறதா என்பதே கேள்வி. சிமென்ட் வைத்த தட்டு தொடக்கத்தில் ஏறக்குறைய அசைவதில்லை என்றாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பிணைப்பு தளரக்கூடும்.

எலும்பு மென்மையாகிவிட்ட முதியவர்களுக்குச் சிமென்ட்டே பாதுகாப்பு என்பது என் கருத்து. உலகளவிலும் அதுவே இன்னும் பெருவழக்கு. எலும்பு உறுதியாக இருந்து, மூட்டு நெடுங்காலம் உழைக்க வேண்டிய இளையவர்களுக்குச் சிமென்ட் இல்லாததைக் கருதலாம். ஆனால் வெட்டில் நேரும் சிறு மேடுபள்ளத்தைச் சிமென்ட் நிரப்பிவிடும். அது இல்லாதபோது இடைவெளி இடைவெளியாகவே நிற்கும் என்பதால், அறுவை மருத்துவரின் வெட்டு அங்கே கூடுதல் துல்லியமாக இருந்தாக வேண்டும்.