மட்டக்குதிரை பின்னங்காலை இழுக்கிறதா? எண்ணெயைக் கீழே வையுங்கள்

இந்த வாரமும் ஒன்று வந்தது. சிவாஜிநகர் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கு விடும் வெள்ளை மட்டக்குதிரை, நல்ல இளவயது. இடது இடுப்பில் எண்ணெய் பளபளக்கிறது. அதற்குக் கீழே பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இழுத்த கோடுகள், இன்னும் நீர் கசிகிற புண்.

"சுளுக்குதான் டாக்டரம்மா. உருவி உருவிப் பாத்தோம், கேக்கல. அதான் பெரியவர் சூடு போட்டார். அசையாம கட்டித்தான் வச்சிருக்கோம்."

கால் பின்பக்கமாக விறைத்து நீட்டியிருந்தது, குளம்பின் முனை தரையில் உரசியது. தலைக்கயிற்றைப் பிடித்து இரண்டடி பின்னால் நடத்தச் சொன்னேன். டக்கென்று ஒரு சத்தம், கால் மடங்கியது. குதிரை எதுவுமே நடக்காத மாதிரி நடந்து போனது. நான் ஏதோ மந்திரம் போட்ட மாதிரி எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கோ அந்தச் சூட்டுப் புண்ணைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்.

பின்னங்கால் என்றாலே ஏன் எல்லோருக்கும் இடுப்புச் சுளுக்கு என்று தோன்றுகிறது? காரணம் இருக்கிறது. பின்னங்காலில் எந்த இடத்தில் வலித்தாலும், அந்தக் கால் தரையைத் தொடும்போது அந்தப் பக்க இடுப்பு மற்றதைவிட அதிகமாக மேலே எழும்பும். குளம்புக்குள் சீழ் கட்டியிருந்தாலும் எழும்புவது இடுப்புதான். பார்ப்பவர் கண் அங்கே போகிறது, கை எண்ணெய்க்குப் போகிறது. கோளாறோ பெரும்பாலும் குளம்பில் இருக்கும், இல்லையென்றால் ஹாக் மூட்டில், முழங்காலில். ஹாக் என்பது பின்னால் முட்டிக்கொண்டு தெரிகிறதே, அந்த மூட்டு. அதையே முழங்கால் என்று நினைக்கிறார்கள். உண்மையான முழங்கால் அதற்கும் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. முட்டிச்சில்லும் அங்கேதான். சில நேரம் கோளாறு காலிலேயே இருக்காது, தண்டுவடத்தில் இருக்கும். இதில் எதற்கும் இடுப்பை உருவிப் பயனில்லை. சூடு போட்டால் எதுவும் குணமாகாது. முன்பு ஒரு நோய் இருந்த இடத்தில் நோயும் புண்ணும் இருக்கும், அவ்வளவுதான்.

நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: இது வலியா, பலவீனமா, பூட்டா? வலி என்றால் ஒவ்வொரு அடியிலும் நொண்டல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பலவீனம் என்றால் அடிக்கு அடி மாறும். கால் குறுக்கே விழும், குளம்பின் முனை தேயும், சின்ன வட்டத்தில் திருப்பினால் தள்ளாடும். நடக்கும்போதே வாலைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தால் நல்ல குதிரை எதிர்த்து நிற்கும், பலவீனமானது இழுத்த பக்கம் சாயும். (உதை வாங்கிப் பழகாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.)

பூட்டு என்பது நான் மேலே சொன்னது. குதிரை நின்றபடியே தூங்குவதற்காக, முட்டிச்சில்லின் உட்பக்கத் தசைநாரைத் தொடையெலும்பின் மேட்டில் மாட்டிக் காலைப் பூட்டிக்கொள்ளும். வேலை முடிந்தும் கழலாமல் நின்றுவிடும் தாழ்ப்பாள் மாதிரிதான் இந்த நோய். மட்டக்குதிரைகளில் சகஜம், அதிலும் இளசாக, ஒல்லியாக, தொடைச் சதை இல்லாமல் இருந்தால். இதற்கு மருந்து நடைதான். நேர்ப்பாதையில் தினமும் நடை, பழகியபின் மெல்ல மேட்டில் ஏற்றம், சதை பிடிக்கிற தீனி, ஒழுங்காகச் சீவிய குளம்பு. இவர்கள் செய்தது என்ன? அசையாமல் கட்டிப்போட்டார்கள். இருந்த சதையும் போனது, பூட்டு இறுகியது. மாடுகளுக்கு அந்தத் தசைநாரை நின்ற இடத்திலேயே வெட்டிவிடுவது நம் ஊர்களில் சாதாரணம், அதனால் "வெட்டிடுங்க டாக்டரம்மா" என்று கேட்கிறார்கள். குதிரைக்கு அது கடைசி வழி. வெட்டிய பிறகு ஓய்வு கொடுக்காமல் வேலை வாங்கினால் முட்டிச்சில்லே சிதையலாம்.

இதற்கு நேரெதிர் ஒன்று உண்டு. ஆடியில் முகூர்த்தம் இல்லை, குதிரைக்கு வேலையும் இல்லை. ஆனால் கொள்ளும் தவிடும் குறைவதில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் திடீரென்று மணிக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பின்தொடை கல்லாக இறுகும், வியர்க்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். தசை உடைந்து கரைகிறது என்று அர்த்தம், அடுத்து சிறுநீரகம் போகும். இதை ஒரு அடி நடத்தக் கூடாது. இங்கேதான் "நடந்தா சரியாயிடும்" என்று இழுத்துக்கொண்டு வருவார்கள். நடக்க வேண்டியதைக் கட்டிப்போடுகிறார்கள், நிற்க வேண்டியதை நடத்துகிறார்கள்!

பலவீனத்தில் இந்த ஊரில் நான் பயப்படுவது புழுவுக்கு. மாட்டின் வயிற்றுக்குள் தொந்தரவில்லாமல் வாழும் செட்டாரியா என்ற புழுவின் குட்டிகளைக் கொசு குதிரைக்குக் கொண்டுவருகிறது. அவை வழிதவறித் தண்டுவடத்தில் புகுந்தால் பின்பாகம் ஆடும். காய்ச்சல் இருக்காது, தீனி நன்றாகவே தின்னும், அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. கும்ரி என்று பழைய குதிரைக்காரர்கள் சொல்வது இதைத்தான். இதே புழு கண்ணுக்குள் நெளிந்தால் மட்டும் நள்ளிரவில் போன் வரும். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் தேறுவதற்கு வழி உண்டு. நாள் போனால் நரம்பு திரும்பாது. மாட்டுக்கொட்டகையை ஒட்டி லாயம் வைத்திருப்பவர்கள் கொசுவை ஒழியுங்கள், தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து. பின்னங்கால் தள்ளாடுவது வெறிநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். தெருநாய்கள் சுற்றும் இடத்தில்தான் நம் குதிரைகள் நிற்கின்றன. தண்ணீர் இறங்கவில்லை, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். வெறிநோய்க்கும் ரணஜன்னிக்கும் வருடாவருடம் ஊசி போடுங்கள். மேளக்காரருக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

ரேஸ்கோர்ஸ் குதிரைக்குக் கால் கொஞ்சம் சூடாக இருந்தாலே எக்ஸ்ரே. அதே ஊரில் உங்கள் குதிரைக்கு மெடிக்கல் ஷாப் ஊசி. வலி மருந்தும் ஸ்டீராய்டும் ஏற்றிவிட்டு என்னிடம் கொண்டுவந்தால், நான் பார்க்க வேண்டிய நொண்டலே மறைந்திருக்கும். அந்த ஊசியே மட்டக்குதிரையின் குளம்பைக் கெடுக்கவும் செய்யும். நொண்டும் குதிரையை ஊர்வலத்தில் விடுவது 1960-ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கால் இழுத்தால் முதலில் குளம்பைத் தூக்கி ஆணி, கல் பாருங்கள். ஆணி குத்தியிருந்தால் பிடுங்காமல் என்னைக் கூப்பிடுங்கள், எந்த ஆழத்தில் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தெர்மாமீட்டர் வையுங்கள், 101.5 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் உடனே சொல்லுங்கள். சிறுநீரின் நிறம், கடைசியாக என்ன தின்றது, லாடம் எப்போது கட்டியது, இதெல்லாம் தெரிந்தவர் குதிரையுடன் வரட்டும், ஓட்டிவர வாடகைக்குப் பிடித்த பையன் வேண்டாம். நிற்கவே முடியவில்லை என்றால் டெம்போவில் ஏற்ற முயலாதீர்கள், நாங்கள் வருகிறோம். நிற்கிறது, நடக்கிறது, சிறுநீரும் தெளிவு என்றால் வாட்ஸப்பில் வீடியோ அனுப்பலாம்: பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்னோக்கி நடத்தும்போது ஒன்று. சமதரையில் எடுங்கள், ஜரிகைத் துணியைக் கழற்றிவிட்டு. பாட்டுப் போடாதீர்கள், எனக்குக் குளம்புச் சத்தம் கேட்க வேண்டும்.