பெகுத் துறையைத் தூர்த்த ஓதம்

ரங்கூனுக்கு வடகிழக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் பெகுவில் (இன்று பகோ) இறங்குபவருக்குக் கடல் வாசமே தெரியாது. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் கடல் வாணிகத்தால் கொழித்த பர்மியத் தலைநகர் அது. மயிலாப்பூரிலிருந்து சாயவேரில் சிவப்பேற்றிய துணி ஏற்றிய கப்பல், தென்மேற்குக் காற்று ஓய்வதற்குள், செப்டம்பர் தொடக்கத்திலேயே கிளம்பியாக வேண்டும். அந்தத் துணி துவைக்கத் துவைக்கப் பளிச்சிடும் என்று 1569இல் பெகுவுக்கு வந்த வெனிஸ் வணிகர் சீசர் பிரெடரிக் எழுதியிருக்கிறார்.

கரைக்கு வந்த சரக்கைப் படகில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனது ஓதம்தான், அதாவது கடலின் ஏற்றமும் வற்றமும். பர்மாவின் தென்கரையிலுள்ள மர்த்தபான் வளைகுடா புனல் போல உள்ளே குறுகுவதால், அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்களில் கடல் ஐந்தாறு மீட்டர் ஏறும். அந்த ஏற்றம் ஆற்றுவாயில் நீர்ச்சுவராக எழுந்து ஓடிவரும். படகுக்காரர்கள் நடு ஆற்றில் நிற்காமல் கரையோர மேட்டில் படகை ஏற்றி நிறுத்தி, சுவர் வந்து மோதியதும் அதன்மேல் மிதந்து போவார்கள்.

ஊரைக் கெடுத்ததும் அதே ஓதம்தான். ஏற்றம் குறுகிய நேரத்தில் வேகமாக வரும், அடிச்சேற்றைக் கிளறிக்கொண்டு. வற்றம் நெடுநேரம், மெதுவாக இறங்கும். அள்ளி வந்ததை முழுதும் திருப்பிக் கொண்டுபோக அதற்கு வலுவில்லை. உப்பும் சேர்ந்து வேலை செய்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுள்ள களித்துகள், நன்னீரில் தனியாக ஒரு மீட்டர் இறங்க மூன்று நாள் ஆகும். உப்புநீர் பட்டதும் துகள்கள் ஒட்டித் திரளும். திரள் அதே தூரத்தை அரை மணிக்குள் கடந்துவிடும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நீர் அசையாமல் நிற்கும் கொஞ்ச நேரமே அது படியப் போதும். படிந்து இறுகிய களியை மழைக்கால வெள்ளம்தான் அடித்துத் தள்ள வேண்டும். ஐராவதியால் முடியும், பெகு யோமா மலைத்தொடரில் பிறக்கும் சிற்றாறான பெகு ஆற்றால் முடியவில்லை.

1599இல் அரக்கான், தவுங்கூ அரசுகளின் படைகள் ஊரை அழித்தன. தூர்ந்த துறைக்கு வணிகம் பழையபடி திரும்பவில்லை. ஆற்றின் கீழே சிரியம் (இன்று தன்லின்) துறை தழைத்தது. 1635இல் தலைநகர் உள்நாட்டிலுள்ள ஆவாவுக்குப் போயிற்று. சிரியத்தை 1756இல் பர்மிய மன்னர் அலவுங்பயா அழித்ததும் வாணிகம் ரங்கூனுக்கு மாறியது.

சிரியம் பக்கத்துப் பீலிக்கான் அங்காள பரமேஸ்வரி கோயிலுக்குப் போகும்போது, வற்றநேரமாகப் பார்த்துச் சிரியம் பாலத்திலிருந்து கீழே பாருங்கள்: கரையோரம் பளபளக்கும் சாம்பல் களி அதுதான். பெகு ஆறு ரங்கூன் ஆற்றில் கலக்கும் மங்கி பாயிண்டில் நீருக்கடியில் உள்ள மேட்டைத் தாண்ட, கப்பல்கள் இன்றும் ஏற்றத்துக்குக் காத்து நிற்கின்றன.