விமானத்துக்கும் இனிஷியல் தகராறு உண்டு

பாளையங்கோட்டையில் ஒரு கணினி மையத்தில் போன மாதம் மாமாவோடு அரைநாள் உட்கார்ந்திருந்தேன். ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால், பட்டாவில் பின்னால். "ஆளு நாந்தாம்ல, இந்தா உக்காந்திருக்கேன்லா" என்று மாமா சொல்லிப் பார்த்தார். கணினிக்கு ஆளைத் தெரியாது, எழுத்தைத்தான் தெரியும்.

பல கோடி விலையுள்ள தனியார் ஜெட்டும் கடல் தாண்டும்போது இதே வரிசையில்தான் நிற்கிறது.

மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்குப் பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும், நாலு வளைவு தாண்டினால் போனில் சிக்னல் போய்விடும். மலை மறைக்கிறது. விமானி பேசும் வி.எச்.எஃப். ரேடியோவும் நேர்கோட்டில்தான் போகும். நடுக்கடலில் மலை கிடையாது, பூமியின் வளைவே மறைக்கும். 40,000 அடி உயரத்தில் பறந்தாலும் ஏறக்குறைய 450 கிலோமீட்டருக்கு அப்பால் கரை கேட்காது. பிறகு எச்.எஃப்., அதாவது சிற்றலை. அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும், கூடவே இரைச்சலும் வரும்.

அதனால்தான் பேச்சுக்குப் பதில் எழுத்து. சி.பி.டி.எல்.சி. என்பது விமானிக்கும் தரைக் கட்டுப்பாட்டாளருக்கும் இடையே ஓடும் எஸ்.எம்.எஸ். மாதிரி. காக்பிட்டில் 'டிங்' என்று ஒரு மணி, திரையில் 37,000 அடிக்கு ஏறச் சொல்லி ஒரு வரி. விமானி படித்துவிட்டு 'வில்கோ' என்ற பொத்தானை அழுத்துவார். சொன்னபடி செய்கிறேன் என்று பொருள். முடியாதென்றால் 'அனேபிள்'. "முப்பதா, முப்பத்தேழா?" என்று திருப்பிக் கேட்கும் வேலையே இல்லை.

ஆனால் முதலில் லாகின் ஆக வேண்டும். வங்காள விரிகுடாவுக்கு மேலே சென்னையோடு சேர விமானி வி.ஓ.எம்.எஃப். என்ற நான்கெழுத்தைத் தட்டுவார். விமானம் தன் அழைப்புப் பெயர், பதிவெண், ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக உள்ள 24 பிட் முகவரி எண் எல்லாவற்றையும் அனுப்பும். தரையிலுள்ள கணினி அவற்றை ஏற்கெனவே கொடுத்த பறப்புத் திட்டத்தோடு ஒப்பிடும். ஒரு பூஜ்ஜியம் கூடினாலும் நிராகரிப்புதான். தனியார் ஜெட்டுகள் அடிக்கடி கைமாறுபவை. நாடு மாறினால் பதிவெண் மாறும், முகவரியும் மாறும், ஏனென்றால் அந்த முகவரிகள் நாடுவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. விமானத்தின் ஒரு கருவியில் புதிய எண்ணை ஏற்றிவிட்டு இன்னொன்றில் பழையதை விட்டுவிட்டால் முடிந்தது கதை.

கருவி இருந்தால் மட்டும் போதாது. கடலுக்கு மேலே இந்தச் செய்திகளைக் கொண்டுபோகும் ஃபேன்ஸ் 1/ஏ என்ற முறையும் செயற்கைக்கோள் இணைப்பும் வேண்டும். பறப்புத் திட்டத்தில், செயற்கைக்கோள் இன்மார்சாட் நிறுவனத்துடையது என்றால் ஜே5, இரிடியம் என்றால் ஜே7 என்று குறிக்க வேண்டும். ஐரோப்பாவில் 28,500 அடிக்கு மேல் கேட்பது ஏ.டி.என். என்ற வேறு முறை, அதன் குறி ஜே1. அமெரிக்காவில் பதிவான ஜெட்டுக்கு அந்நாட்டு விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.விடம் ஏ056 என்ற அனுமதியும் வாங்க வேண்டும். கருவியின் தகுதி, விமானிகளின் பயிற்சி இரண்டையும் காட்டினால்தான் கிடைக்கும்.

நேரக் கணக்கு வேறு. ஆர்.சி.பி.240 என்ற தரத்தில், ஆயிரம் பரிமாற்றத்தில் 999 ஆவது 240 நொடிக்குள் முடிய வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, முன்பு சொன்ன முறையின் மேம்பட்ட வடிவமான ஃபேன்ஸ் 1/ஏ+ செய்யும் வேலை. எங்கேயோ சிக்கிக்கிடந்து தாமதமாக வந்த செய்தியை அது அடையாளம் காட்டிக்கொடுக்கும். பத்து நிமிடத்துக்கு முந்தைய 'ஏறு' என்ற உத்தரவு இப்போது கைக்கு வந்தால் மேலே இன்னொரு விமானம் இருக்கலாமே!

வட அட்லாண்டிக்கின் பெரும்பகுதியில் 29,000 முதல் 41,000 அடி வரை பறக்க இந்த எழுத்துச் செய்தி வசதி கட்டாயம். இல்லாத ஜெட், முடிந்தால் 43,000-க்கு ஏறிக்கொள்ளலாம். ஆனால் டாங்கி நிறைய எரிபொருளோடு கிளம்பும்போது அந்த உயரம் லேசில் எட்டாது. அப்படியானால் 29,000-க்குக் கீழேதான் பறக்க வேண்டும். அங்கே காற்று அடர்த்தி, எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும்.

ஆகவே கிளம்புமுன் விவரம் தெரிந்த விமானி மூன்றை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்: பதிவுச் சான்றிதழ், காக்பிட் திரை, பறப்புத் திட்டம். மாமாவை அடுத்த திங்கள் பட்டாவின் அசலோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.