பியேத்ரா தூரா: வன்கல் இழைப்பு

நிறக்கற்களை அறுத்துச் சேர்த்து ஓவியம் அமைக்கும் கலை 'பியேத்ரா தூரா'. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'சலவைக்கல் பதிப்பு' எனலாமா? இத்தாலிய மொழியில் 'பியேத்ரா' என்றால் கல், 'தூரா' என்றால் கடினமானது. வன்கல், அவ்வளவுதான். அகேட், ஜாஸ்பர் போன்ற கடினமான நிறக்கற்களையே இந்தச் சொல் முதலில் குறித்தது. பிறகு அவற்றால் செய்யும் ஓவியத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் இக்கற்களின் கடினம் ஏறத்தாழ 7. சலவைக்கல்லுக்கு 3தான். ஆகவே 'சலவைக்கல் பதிப்பு' என்பது பொருந்தாது.

சரி, 'வன்கல் பதிப்பு' எனலாமா? தாஜ்மஹாலில் வெள்ளைக்கல்லைக் குடைந்து அதற்குள் மலர்களைப் பதித்திருக்கிறார்கள். அங்கே 'பதிப்பு' சரியான சொல். இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகர நிலக்காட்சிப் பலகைகளில் அப்படிக் குடைவதற்குப் பின்புலமே இல்லை. வானம் ஒரு கல், மலை ஒரு கல், ஆற்றங்கரை இன்னொரு கல். சில மில்லிமீட்டர் கனமுள்ள வில்லைகளை, கம்பி பூட்டிய வில்லாலும் ஈரமான தேய்ப்புப் பொடியாலும் அறுத்து, இடுக்குத் தெரியாமல் சேர்த்து ஒட்டுகிறார்கள். வண்ணம் தீட்டுவதில்லை. மேகம் வேண்டுமென்றால் மேகம்போல் வரியோடிய கல்லைத் தேடி எடுக்க வேண்டும். இந்தக் கலையில் என்னை மிகவும் வியக்கவைப்பது அந்தத் தேடல்தான்.

ஃப்ளோரன்ஸ் கைவினைஞர்கள் இதை 'கொம்மெஸ்ஸோ' என்கிறார்கள். பொருத்தி இணைத்தது என்று பொருள். 1588இல் ஃப்ளோரன்ஸை ஆண்ட முதலாம் ஃபெர்டினாண்டோ மெடிச்சி இதற்கென்றே நிறுவிய பட்டறை, இன்றும் அருங்காட்சியகமாகவும் கலைப்பொருள் சீரமைப்புக் கூடமாகவும் இயங்குகிறது. ஃப்ளோரன்ஸிலிருந்து பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் பிராகாவுக்கு (இன்று செக் நாட்டின் தலைநகர்) போன காஸ்ட்ருச்சி குடும்பத்தார், அதைச் சுற்றியுள்ள பொஹீமியப் பகுதியின் ஜாஸ்பரையும் அகேட்டையும் கொண்டு மலை, மரம், பாலம் என்று காட்சிகளை அமைத்தார்கள். பிராகா கோட்டையையே அப்படிக் கல்லில் காட்டிய பலகையும் உண்டு.

தமிழில் நான் பரிந்துரைப்பது 'இழைப்பு'. கல் இழைத்த நகை என்கிறோம், சந்தனம் இழைப்பது என்கிறோம், இரண்டு பேர் இழைந்து பழகுகிறார்கள் என்கிறோம். தேய்ப்பதும் பொருந்துவதும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. கொம்மெஸ்ஸோவில் நடப்பதும் அவைதான். ஆக, 'வன்கல் இழைப்போவியம்'. காட்சியையும் சொல்ல வேண்டுமானால், 'நிலக்காட்சி வன்கல் இழைப்பு'.

அப்புறம், 'பியேத்ரா பாயெசினா' என்ற பெயரையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல். அறுத்தால் பாழடைந்த நகரம்போல் இயற்கையாகவே கோலம் தெரியும். அதில் இழைப்பும் இல்லை, அது வன்கல்லும் இல்லை. 'காட்சிக்கல்' என்றால் போதும்.