பழைய ஐ7-ஐ புது ஐ3 முந்துவது எப்படி?

கல்லூரியில் சேரும் மகளுக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடைக்காரர் செகண்ட் ஹேண்டில் இன்டெல்லின் கோர் ஐ7-7700கே செயலி ஒன்றைக் காட்டுகிறார். ஒரு காலத்தில் அதுதான் ராஜா என்கிறார். ஏறக்குறைய அதே காசுக்கு கோர் ஐ3-12100 புதிதாகவே கிடைக்கிறது. ஐ7-ஐ விட்டுவிட்டு ஐ3 வாங்க மனசு வரமாட்டேன் என்கிறது. எதை வாங்கலாம்?"

ஐ3-ஐ வாங்குங்கள். பதில் மட்டும் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

முதலில் அந்த 7-ஐயும் 3-ஐயும் மறந்துவிடுங்கள். ஒரே வருடத்தில் வந்த செயலிகளுக்குள் எது மேல்தட்டு, எது கீழ்த்தட்டு என்று காட்டத்தான் அந்த எண்கள். 2017-இன் 7-ஐ 2022-இன் 3-ஓடு ஒப்பிடுவது பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி அதிர்ஷ்டத்தை வரவழைக்கும் எண் ஜோதிடத்துக்குத்தான் சமம். கிகாஹெர்ட்ஸை, அதாவது செயலி நொடிக்கு எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்பதை, வைத்து வேகம் சொல்வதும் அதற்குப் பெரிய தூரத்தில் இல்லை.

இந்த ஜோடியிலேயே பாருங்கள். 7700கே 2017 ஜனவரியில் ஏறக்குறைய 340 டாலருக்கு வந்தது. 4 கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைகள்), உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். 12100 வந்தது 2022 ஜனவரியில், 120 டாலர் சொச்சத்துக்கு. அதிலும் 4 கோர், 8 த்ரெட்தான். உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், அதாவது கொஞ்சம் குறைவு. கோர் எண்ணிக்கை சமம், துடிப்பு குறைவு. ஆனாலும் ஒரு கோரை மட்டும் ஓடவிடும் சோதனைகளில் ஐ3 மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் முந்துகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு துடிப்பிலும் அது கூடுதலாக எதையோ செய்து முடிக்கிறது என்றுதானே அர்த்தம்?

கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) பெரிதாகியிருக்கிறது, டிரான்சிஸ்டர்கள் சிறுத்திருக்கின்றன, ஒரு துடிப்பில் உள்ளே அனுப்பும் நுண்கட்டளைகள் 4-லிருந்து 6 ஆகியிருக்கின்றன. எல்லாம் உண்மைதான், வேகமாகக் கடந்துவிடுவோம். நான் நிற்க விரும்பும் இடம் வேறு.

இன்றைய செயலி கட்டளைகளை எழுதிய வரிசையில் செய்வதில்லை. ஒரு கட்டளைக்கு வேண்டிய எண் ராமில் இருந்தால் அது வந்து சேர இருநூறு, முன்னூறு துடிப்புகள் ஆகிவிடும். அதுவரை சும்மா இருக்காமல், பின்னால் நிற்பவற்றில் எது தயாரோ அதை முடித்து வைத்துவிடும். முடிவுகளை மட்டும் பழைய வரிசைப்படி பதிவு செய்யும். இதற்கு, உள்ளே வந்து இன்னும் பதிவாகாத கட்டளைகளுக்கு ஒரு பட்டியல் வேண்டும். 7700கே-யின் பட்டியலில் 224 இடங்கள். அது 2015-இல் வந்த ஸ்கைலேக் கோரின் வடிவமைப்புத்தான், பெரிதாக மாறவில்லை. 12100-இன் கோல்டன் கோவ் கோரில் 512 இடங்கள்.

சரி, பட்டியலை இரண்டு மடங்கு ஆக்கினால் வேகம் கூடிவிடுமா? இங்கேதான் சிக்கல். நிரல் நேர்கோட்டில் போவதில்லை. சுமாராக ஆறு கட்டளைக்கு ஒன்று 'இப்படியென்றால் அங்கே போ, இல்லையென்றால் இங்கே போ' என்கிற கிளைக் கட்டளை. அதன் விடை தெரியும் முன்பே அடுத்த கட்டளையைக் கொண்டுவந்தாக வேண்டும். ஆகவே செயலி ஊகிக்கிறது. ஊகித்த வழியில் வேலையையும் தொடங்கிவிடுகிறது. தவறினால் அந்த வழியில் செய்த அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு, கிளைக்குத் திரும்பி வந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். கோல்டன் கோவில் இதற்கு ஏறத்தாழ 17 துடிப்புகள் வீண்.

ஒரு சின்ன கணக்கு. பத்து லட்சம் பேரின் மதிப்பெண்கள் கலைந்து கிடக்கின்றன. 35-க்கு மேல் எடுத்தவர்களின் மதிப்பெண்களை மட்டும் கூட்ட வேண்டும். 0 முதல் 100 வரை எல்லா எண்ணும் சமமாக விரவியிருந்தால், 'பாஸ்' என்றே எப்போதும் ஊகித்தாலும் மூன்றுக்கு ஒன்று தவறும். தவறுக்கு 17 துடிப்பு என்றால், ஆளுக்குச் சராசரியாக ஆறு துடிப்பு தண்டம். உண்மையான வேலைக்கோ ஒன்றிரண்டு துடிப்பே போதும். இப்போது அதே மதிப்பெண்களை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டு அதே நிரலை ஓட்டுங்கள். முதலில் ஃபெயில் ஃபெயில் என்று வரும், அப்புறம் கடைசி வரை பாஸ்தான். தவறுவது அந்த 35-இன் எல்லையில் மட்டும். அதே எண்கள், அதே விடை, ஆனால் நிரல் பல மடங்கு வேகம். சி மொழி தெரிந்தவர்கள் செய்து பார்க்கலாம். கம்பைலரின் ஆப்டிமைசேஷனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது புத்திசாலித்தனமாகக் கிளையையே நீக்கிவிடும்.

சரி, ஊகம் எப்படி நடக்கிறது? மிக எளிய வழியை ஜேம்ஸ் ஸ்மித் என்ற ஆய்வாளர் 1981-இல் ஆராய்ந்து எழுதினார். ஒவ்வொரு கிளைக்கும் 0 முதல் 3 வரை எண்ணும் ஒரு குட்டிக் கணக்கு. கிளை தாவினால் (அடுத்த கட்டளைக்குப் போகாமல் வேறிடம் போனால்) ஒன்று கூட்டு, தாவாவிட்டால் ஒன்று குறை. 2 அல்லது 3 என்றால் 'தாவும்' என்று ஊகி. பத்துச் சுற்று ஓடும் ஒரு லூப் ஒன்பது முறை தாவிவிட்டு பத்தாவதில் வெளியே வரும். போன முறை நடந்ததை மட்டும் நினைவில் வைத்தால் வெளியே வரும்போது ஒரு தவறு, மறுபடி நுழையும்போது இன்னொரு தவறு. இந்தக் கணக்கிலோ வெளியே வரும்போது 3 என்பது 2 ஆகிறது, அவ்வளவுதான். அடுத்த முறை நுழையும்போதும் 'தாவும்' என்றே சரியாகச் சொல்கிறது. இரண்டே பிட் இதைச் செய்கிறது.

அடுத்த பாய்ச்சல் 1990-களின் தொடக்கத்தில். தன் பழைய நடத்தையோடு பிற கிளைகளின் அண்மை வரலாற்றையும் பார்த்தால் என்ன என்று ட்சே-யூ யே, யேல் பாட் என்ற இரு ஆய்வாளர்கள் கேட்டார்கள். மதிப்பெண் நிரலிலேயே, 'கணக்கில் 35-க்குக் கீழா?' என்று ஒரு கிளை வருகிறது. நாற்பது கட்டளை தள்ளி 'எல்லாப் பாடத்திலும் பாஸா?' என்று இன்னொன்று. முதலாவதற்கு 'ஆம்' என்றால் இரண்டாவதற்கு விடை அப்போதே தெரிந்துவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் குருட்டு ஊகம், சேர்த்துப் பார்த்தால் நிச்சயம்.

ஆனால் எவ்வளவு தூரம் பின்னோக்கிப் பார்ப்பது? கொஞ்சமாகப் பார்த்தால் தொலைதூரத் தொடர்புகள் தெரியாது. நிறையப் பார்த்தால் ஒவ்வொரு வரலாறும் வேறு வேறாகத் தெரியும், கற்றுக்கொள்ளவே நேரம் போதாது. 2006-இல் பிரான்ஸின் ரென் நகரில் ஆந்த்ரே செஸ்னெக், பியர் மிஷோ இருவரும் டேஜ் என்ற முறையில் இதை அழகாகத் தீர்த்தார்கள். ஒன்றுக்குப் பதிலாகப் பல அட்டவணைகள். ஒன்று கடைசி 5 கிளைகளைப் பார்க்கும், அடுத்தது 15, அடுத்தது 44, அதற்கடுத்தது 130. பெரும்பாலான கிளைகளுக்கு அண்மை வரலாறே போதும், சிலவற்றுக்குத்தான் நெடுந்தூரம் வேண்டும் என்பதால் இடைவெளிகள் பெருக்கலில் விரிகின்றன. ஒவ்வொரு பதிவிலும் ஒரு சிறு அடையாளக்குறி உண்டு, வேறு கிளையின் பதிவைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளாமலிருக்க. பொருந்தும் பதிவுகளில் மிக நீண்ட வரலாற்றைக் கொண்டது எதுவோ, அதன் பேச்சே எடுபடும். ஊகம் தவறினால் அதைவிட நீண்ட வரலாற்றுள்ள அட்டவணையில் அந்தக் கிளைக்குப் புதிதாக ஓர் இடம் ஒதுக்கப்படும். சுலபமான கிளைகள் சின்ன அட்டவணையோடு திருப்தியடைந்துவிடும். பிடிவாதமானவை மட்டும் தாமாகவே மேலே ஏறும். எது சுலபம், எது கடினம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனையும் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்குள், கட்டளையைப் பிரித்துப் படிக்கும் முன்பே, அது இருக்கும் முகவரியையும் வரலாற்றையும் மட்டும் வைத்து! எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

இப்போது 512-க்கு வருவோம். ஆறுக்கு ஒரு கிளை என்றால் பட்டியல் நிறைந்திருக்கும்போது அதில் 85 ஊகங்கள் இருக்கும். ஒவ்வொரு ஊகமும் 95 விழுக்காடு சரி என்று வைத்துக்கொண்டால், 85-உம் சரியாக இருக்கும் வாய்ப்பு ஒரு விழுக்காடு சொச்சம். பட்டியலின் பின்பாதி பெரும்பாலும் குப்பைதான். 99 விழுக்காடு என்றால் அந்த வாய்ப்பு 43 ஆகிறது, 99.5 என்றால் 65. கடைசி அரை விழுக்காட்டுக்காக ஆட்கள் பத்தாண்டுகளாக ஏன் மல்லுக்கட்டுகிறார்கள் என்பது இப்போது புரியும். ஊகம் தேறாமல் பட்டியலை நீட்டியிருந்தால் மின்சாரம்தான் வீணாகியிருக்கும்.

இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டி தன் ஜென் 2 செயலிகளில் டேஜைப் பயன்படுத்துவதாக 2019-இல் வெளிப்படையாகச் சொன்னது. இன்டெல் தன் கணிப்பான் (ஊகத்தைச் செய்யும் பகுதி) பற்றி வாய் திறப்பதில்லை. டேஜ் பிறந்த இடம் அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி நிலையம், கட்டுரை யாரும் படிக்கும்படி வெளியானது. நாம் 2021-இல் செமிகண்டக்டர் திட்டத்துக்கு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கினோம், பேச்சு பெரும்பாலும் தொழிற்சாலைகளைப் பற்றித்தான். சென்னை ஐஐடியின் சக்தி செயலித் திட்டம் போன்றவற்றில் அட்டவணைகளோடு மல்லாடும் மாணவர்களுக்கு அதில் ஒரு துளி நிலையாகப் போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம் என்பது என் கருத்து.

ஊகத்துக்கு ஒரு விலையும் உண்டு. 2018 ஜனவரியில் வெளிவந்த ஸ்பெக்டர், கணிப்பானை வேண்டுமென்றே தவறாகப் பழக்கி, தூக்கிப் போட்ட வேலை கேஷில் விட்டுச்சென்ற தடயத்திலிருந்து ரகசியங்களைத் திருடும் வித்தை. உடன் வந்த மெல்ட்டவுன் என்ற இன்னொரு பாதுகாப்பு ஓட்டைக்கு 7700கே மென்பொருள் ஒட்டுப்போட்டுத்தான் தப்பிக்க வேண்டும், அதில் வேகம் கொஞ்சம் போகும். 12100-இல் அந்த ஓட்டை சில்லிலேயே அடைபட்டிருக்கிறது. விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் 7700கே இல்லை.

அப்படியானால் பழைய உயர்தரச் செயலி எதுவுமே தேறாதா? தேறும். 2017-இல் 1,999 டாலருக்கு வந்த ஐ9-7980எக்ஸ்இ-யில் 18 கோர்கள். 3டி ரெண்டரிங்கில் அது 12100-ஐ இன்றும் இரண்டு மடங்குக்கு மேல் அடித்துப்போடும். ஒரு படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் மற்றதற்குக் காத்திராமல் தனித்தனியாகக் கணக்கிடலாம், வேலையைப் பங்குபோட எத்தனை கோர் இருந்தாலும் தகும். ஆனால் அதற்கு 165 வாட் வெப்பத்தை இறக்கும் கூலரும் அதற்கென்றே உள்ள மதர்போர்டும் வேண்டும். மகள் படிக்கப்போவது அனிமேஷன் என்றால் மட்டும் அதை விசாரியுங்கள்.